லைன் பிஸியாக இருந்தால் மட்டும்

என் அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தாள் என்று சொன்னால் போதும், எல்லாரும் உடனே கேட்பது "ஆபரேட்டரா?" என்றுதான். காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ஹலோ சொல்லிக்கொண்டிருந்தாள் என்று நினைத்துவிடுவார்கள். அதைக் கேட்டால் அக்காவுக்கு மூக்கு மேல் கோபம் வரும். எனக்கு அவளைவிட அதிகமாக வரும். "ஆபரேட்டர் இல்லைங்க, எக்ஸ்சேஞ்ச் டெக்னீஷியன்" என்று திருத்துவேன். "ஓ, கம்பத்துல ஏறுவாங்களா?" என்று அடுத்த கேள்வி வரும். இவர்களிடம் பேசி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிடுவேன்.

இப்போது அப்படி விட முடியாது. அவள் செய்த வேலை இன்னதென்று தெரியாவிட்டால் அவளுக்கு நடந்த அநியாயம் விளங்காது. அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை என்னையும் உள்ளே கூட்டிப்போய்க் காட்டினாள். தூசி ஆகாது என்று வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். உள்ளே பல் கிட்டிக்கொள்ளும் குளிர். ஆள் உயர இரும்பு அலமாரிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் தட்டுத் தட்டாக அட்டைகள், அட்டைகளின் விளிம்பில் பச்சைப் பொட்டுகளாக விளக்குகள். காற்றாடிகளின் இரைச்சலைத் தவிர வேறு சத்தம் இல்லை. ஊரே பேசிக்கொண்டிருக்கிற இடம் என்கிறார்கள், ஒரு குரல்கூடக் கேட்கவில்லையே என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

"நீ ஹலோன்னு சொன்னா அது அப்படியே கம்பியில ஓடிப்போய் அந்தப் பக்கம் விழுதுன்னு நினைச்சியா?" என்று அக்கா சிரித்தாள். "உன் குரலைப் பொடிப்பொடியா நறுக்கி, ஒவ்வொரு பொடியையும் ஒரு எண்ணா மாத்தி, உன் முறை வர்றப்ப அனுப்பிவிடுது. அந்தப் பக்கம் போனதும் மறுபடி குரலாக்கிடுது. யாரோடது யாருக்குப் போகணும்னு பிரிச்சு விடுற வேலைதான் இந்த அலமாரிக்கு."

"அப்ப உனக்கு என்ன வேலை?"

"எந்த லைனுக்கு என்னென்ன உண்டுன்னு இதுக்குச் சொல்லி வைக்கிறது."

அதைத்தான் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஊரில் உள்ள ஒவ்வொரு நம்பருக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்குள், நோட்டில் இருப்பதுபோல், ஒரு பக்கம் இருக்கிறது. இந்த லைனிலிருந்து வெளியூருக்குப் பேசலாமா, கூடாதா. பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் அழைத்தால் காதில் 'டிங்' என்று ஒலி கேட்க வேண்டுமா, வேண்டாமா. வருகிற அழைப்பை வேறு நம்பருக்குத் திருப்பிவிட வேண்டுமா. வேண்டுமென்றால் எப்போதுமா, எடுக்காவிட்டால் மட்டுமா, லைன் பிஸியாக இருந்தால் மட்டுமா. எல்லாம் அந்தப் பக்கத்தில் இருக்கும். அக்கா மேசையில் உட்கார்ந்து ஒரு வரி தட்டினால் போதும், ஊரின் இன்னொரு மூலையில் ஒரு வீட்டின் போன் நடந்துகொள்கிற விதமே மாறிவிடும்.

இவ்வளவு அதிகாரம் கையில் இருந்தால் யாருக்கும் சபலம் வரும். அதனால் அங்கே ஒரு கண்டிப்பான விதி. தன் வீட்டு லைனோ வீட்டார் கடை லைனோ, அதன் பக்கத்தை ஊழியர் தொடக் கூடாது, திறந்து பார்க்கவும் கூடாது. ஏதாவது செய்ய வேண்டுமானால் கூட வேலை செய்கிறவரிடம் சொல்லிச் செய்துகொள்ள வேண்டும். நிறையப் பேர் இந்த விதியைச் சிரித்துவிட்டு மீறினார்கள். என் அக்கா மீறவில்லை. அவள் அப்படிப்பட்டவள். ரோட்டில் வண்டியே வராவிட்டாலும் சிவப்பு விளக்குக்கு நிற்கிற ஜாதி.

அக்காவின் வீட்டு லைனையும் அத்தானின் கடை லைனையும் பார்த்துக்கொண்டது கீச்சு. அக்காவும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள். குரல் அவ்வளவு மெல்லிசு என்பதால் எக்ஸ்சேஞ்சில் வைத்த பெயர் அது. அவளும் அதை ரசித்து ஏற்றுக்கொண்டாள். எனக்கு அவளை முதலிலிருந்தே பிடிக்காது என்று இப்போது சொன்னால் அது பொய். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். எங்கள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அக்காவுக்கு முன்னால் ஓடி வந்தவள் அவள். அக்காவின் மகளுக்குத் தலை பின்னிவிட்டதும், எனக்குப் பெண் பார்க்கக் கூட வந்து "இந்தப் பொண்ணு வேணாம்டா, உன்னைக் கட்டி மேய்க்க இவளால ஆகாது" என்று காதோடு சொன்னதும் அவள்தான். அப்படி இருந்தவள்.

அத்தான் வாடகைக் கார் சர்வீஸ் வைத்திருந்தார். என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சின்ன அறை. உள்ளே ஒரு மேசை, ஒரு போன், சுவரில் கார் சாவிகள் தொங்கும் ஆணிகள். கைபேசி எல்லார் கைக்கும் வராத காலம். அந்த ஒற்றைப் போன்தான் அவருக்குக் கடை, கல்லாப்பெட்டி, எல்லாமே. கல்யாணத்துக்குக் கார் வேண்டும், ஸ்டேஷனுக்கு ஆள் எடுக்க வேண்டும் என்று காலையிலிருந்து அழைத்துக்கொண்டே இருப்பார்கள். பேசிக்கொண்டிருக்கும்போது காதில் அந்த 'டிங்' விழுந்துவிட்டால் அத்தான் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "ஒரு நிமிஷம் இருங்க சார், இன்னொரு லைன் வருது" என்பார், ஏதோ பத்துப் போன் வைத்திருக்கிறவர் மாதிரி.

கீச்சுவின் வீட்டுக்காரர் அத்தானிடம் கார் ஓட்டியவர். அக்கா சொல்லித்தான் அவரை வேலைக்குச் சேர்த்தார். நன்றாக ஓட்டுவார், வாடிக்கையாளரிடம் பணிவாகப் பேசுவார். சில வருடங்கள் கழித்துச் சொந்தமாகச் செய்யப்போகிறேன் என்று விலகி, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் தனியாக ஒரு சர்வீஸ் தொடங்கினார். அத்தானுக்கு உள்ளூர வருத்தம்தான். ஆனால் அக்கா விடவில்லை. "ஊர்ல எல்லாருக்கும் இடம் இருக்குங்க, அவங்க யாரு, நம்ம ஆளுங்கதானே" என்று அத்தானையே கூட்டிக்கொண்டு போய்த் திறப்பு விழாவில் உட்கார வைத்தாள்.

அந்தப் புதுக் கடைக்கு லைன் போட்டது அக்கா. கீச்சு தன் வீட்டு லைனைத் தொடக் கூடாது அல்லவா, அதே விதிதான். அக்கா இருக்கிற நம்பர்களில் தேடித் தேடி, யாருக்கும் ஒருமுறை சொன்னால் மறக்காத ஒரு நம்பராகப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தாள். அத்தானுக்குக்கூட அப்படி ஒரு நம்பர் கிடையாது. அவர் அதைச் சொல்லிக் காட்டியபோது, "உங்களுக்கு ஏற்கனவே பேர் இருக்கு, அவங்க இப்பத்தானே தொடங்கறாங்க" என்றாள்.

அதற்குப் பிறகுதான் அத்தானின் வியாபாரம் இறங்க ஆரம்பித்தது. ஒரேயடியாக இல்லை. போன் அடிக்கும், எடுப்பார், வண்டி போகும். ஆனால் முன்பிருந்த நெரிசல் இல்லை. முக்கியமாக அந்த 'டிங்' நின்றுவிட்டது. அத்தான் அதைத்தான் முதலில் கவனித்தார்.

"பேசிட்டிருக்கறப்ப இன்னொரு கால் வர்றதே இல்ல, மச்சான். ஜனங்க நம்மளை மறந்துட்டாங்க போல" என்று என் கடையில் வந்து உட்கார்ந்து சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் அக்காவிடம் கேட்டார், லைனில் ஏதாவது கோளாறு இருக்குமா என்று. அக்கா மறுநாளே டெஸ்ட் செய்தாள். எக்ஸ்சேஞ்சில் டெஸ்ட் மேசை என்று ஒன்று உண்டு. அதிலிருந்து எந்த லைனையும் சோதிக்கலாம், எவர் வீட்டு லைனானாலும் தடை இல்லை. கம்பி நன்றாக இருக்கிறதா, ஈரம் ஏறியிருக்கிறதா, மணி ஒழுங்காக அடிக்கிறதா எல்லாம் தெரியும். ஆனால் அந்த மேசைக்காரர்களுக்குக் கை பழகிப்போன ஒரு பழக்கம் உண்டு. பேச்சில் இருக்கிற லைனைத் தொட மாட்டார்கள். யாரோ பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் நுழைவது அந்த வேலையில் பெரிய அநாகரிகம். விளக்கைப் பார்ப்பார்கள், பிஸி என்றால் காத்திருப்பார்கள், லைன் விட்டதும் சோதிப்பார்கள். அக்காவும் அப்படித்தான் காத்திருந்து, லைன் விட்டதும் சோதித்தாள். மணி கணீரென்று அடித்தது. அத்தான் எடுத்தார். எல்லாம் சரியாக இருந்தது.

"பக்கத்தையும் ஒருதடவை பாத்துடேன்டி, அந்த 'டிங்' வர்ற வெயிட்டிங் இருக்கான்னு" என்று கீச்சுவிடம் சொன்னாள். கீச்சு அவள் கண்ணெதிரேயே திரையைத் தன் பக்கம் திருப்பிவைத்து, பார்த்துவிட்டு, "எல்லாம் சுத்தமா இருக்கு. உன் வீட்டுக்காரருக்கு மனசுதான் சரியில்ல போல" என்றாள். அக்கா எட்டிப் பார்த்திருக்கலாம். ஒரு கை தூரம்தான். பார்க்கக் கூடாது என்பதால் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து அத்தானிடம், "லைன்ல ஒரு குறையும் இல்லங்க, நான் டெஸ்ட் பண்ணிட்டேன்" என்றாள். அவர் திரும்பக் கேட்டபோதெல்லாம் திரும்ப டெஸ்ட் செய்து திரும்ப அதையேதான் சொன்னாள்.

லைன் சரி என்றால் குறை வேறு எங்கேயோ இருக்க வேண்டும் அல்லவா? அத்தான் ஆட்களைச் சந்தேகப்பட ஆரம்பித்தார். வழக்கமாகக் கார் எடுக்கும் டாக்டர் ஒருவர் கடைத்தெருவில் அவரைப் பார்த்து, "நேத்து அனுப்பின வண்டி நல்லா இருந்துச்சு, புது வண்டியா?" என்றார். நேற்று அத்தான் அவருக்கு வண்டியே அனுப்பவில்லை. இன்னொரு பக்கம், வியாபாரம் இறங்கியும் போன் பில் மட்டும் இறங்கவில்லை, கொஞ்சம் ஏறியே வந்தது. இரண்டையும் கூட்டிப் பார்த்த அத்தானுக்கு ஒரே ஒரு முகம்தான் தெரிந்தது. ஆரம்ப நாளிலிருந்து அவரிடம் ஓட்டும் டிரைவர். அந்த ஆள் ஹாரனே அடிக்க மாட்டார், மாடு குறுக்கே நின்றாலும் அது தானாக நகரும்வரை காத்திருப்பார், அதனாலேயே அவருக்கு ஹாரன் அண்ணன் என்று பெயர். தான் இல்லாத நேரத்தில் போனை எடுத்து, வேறு யாருக்கோ சவாரியைத் தள்ளிவிடுகிறார் என்று அத்தான் முடிவு கட்டிவிட்டார்.

"நெஞ்சுல கை வச்சுச் சொல்லுங்க" என்று கேட்டார். ஹாரன் அண்ணன் நெஞ்சில் கை வைக்கவில்லை. கார் சாவியை ஆணியில் மாட்டினார், "வரேன் முதலாளி" என்று சொல்லிவிட்டு ரோட்டைக் கடந்து போனார். என் கடையைத் தாண்டும்போது தலையைக்கூடத் தூக்கவில்லை. லைனில் குறை இல்லை என்று அக்கா சொன்ன சொல்லை நம்பித்தான் அத்தான் அந்த மனிதரை அனுப்பினார். இதை மறந்துவிடாதீர்கள், அத்தான் மறக்கவில்லை.

பிறகு ஒரு லீவு நாளில் அக்கா என் கடைக்கு வந்தாள். கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நச்சரித்து நான்தான் வரச் சொன்னேன். பிரேம் பிரேமாக மாட்டிப் பார்த்தாள். எல்லாமே ஆந்தை மாதிரி இருக்கிறது என்றாள். ஆந்தைக்கு மாட்டினால் ஆந்தை மாதிரிதான் இருக்கும் என்றேன், முதுகில் ஒன்று விழுந்தது. கடைசியில் ஒரு கறுப்பு பிரேம் பிடித்தது. "அவர் வந்து பாக்கட்டும், அப்புறம் எடுக்கலாம்" என்றாள்.

எதிர்ப்பக்கம் கண்ணாடிக் கதவுக்குள் அத்தான் போனில் பேசிக்கொண்டிருந்தார். ஒரு கையில் ரிசீவர், இன்னொரு கையால் காற்றில் வழி காட்டிக்கொண்டிருந்தார்.

"முடியட்டும், போய்க் கூட்டிட்டு வரேன்" என்றாள் அக்கா.

எனக்குத்தான் பொறுமை என்பது கிடையாதே. "அவர் முடிக்கிறதுக்குள்ள நான் கடையைச் சாத்திடுவேன். போன் அடிக்கிறேன் இரு. 'டிங்' கேட்டா இந்தப் பக்கம் திரும்பிப் பாப்பார்ல" என்று என் கடைப் போனை எடுத்து அடித்தேன்.

"பேசிட்டிருக்கிறார்டா" என்று அக்கா தடுத்தாள். நான் கேட்கவில்லை.

மணி அடித்தது. நான் கதவுக்குள்ளிருந்த அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பவில்லை, காதைத் தொடவில்லை, பேச்சை நிறுத்தவில்லை. மணி இன்னொரு தடவை அடித்தது. யாரோ எடுத்தார்கள். "வணக்கம், கார் சர்வீஸ், சொல்லுங்க" என்றது ஒரு ஆண் குரல். எதிரே அத்தானின் உதடு அப்போது "இடது பக்கம், இடது பக்கம்" என்று அசைந்துகொண்டிருந்தது.

தப்பான நம்பர் அடித்துவிட்டேனோ என்று ரிசீவரை அக்காவிடம் நீட்டினேன். அவள் வாங்கிக் காதில் வைத்தாள்.

"ஹலோ, வண்டி வேணுங்களா? எங்க அனுப்பணும்?" என்று அந்தக் குரல் மறுபடி கேட்டது. பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. பணிவான குரல். எங்கள் எல்லாருக்கும் நன்றாகத் தெரிந்த குரல்.

அக்கா ரிசீவரை வைத்தாள். முகத்திலிருந்து அந்தப் புது பிரேமைக் கழற்றி மேசையில் வைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னக்கா இது? கீச்சு வீட்டுக்காரர் குரல் எப்படி இங்க வருது?"

"பிஸியா இருந்தா மட்டும் அங்க போகுதுடா" என்றாள். "வெயிட்டிங்கை எடுத்துட்டு அதைப் போட்டிருக்காங்க. சும்மா இருக்கறப்ப அடிச்சா நம்ம கடையிலதான் மணி அடிக்கும். நான் எப்பவும் சும்மா இருக்கறப்பதானே டெஸ்ட் பண்ணினேன்."

அப்போதுதான் எனக்கு முழுவதும் உறைத்தது. எவ்வளவு கெட்டிக்காரத்தனமான திருட்டு என்று நினைக்கும்போது இன்றைக்கும் வயிறு எரிகிறது. அத்தான் போனைக் கீழே வைத்திருக்கும்வரை ஒன்றும் நடக்காது. அவர் ஒருவரோடு பேசத் தொடங்கியதும், அடுத்து அழைக்கிற ஆள் சத்தமில்லாமல் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடுவார். அழைத்தவருக்கு இது வேறு கடை என்றுகூடத் தெரியாது. பறிகொடுத்தவர் அந்த நேரத்தில் காதில் ரிசீவரோடு உட்கார்ந்திருப்பார். போதாததற்கு, திருப்பிவிட்ட அழைப்புக்கும் எங்கள் லைனில்தான் காசு ஏறியிருக்கிறது. பில் ஏறிய ரகசியம் அதுதான்.

மறுநாள் அக்கா கீச்சுவிடம் நேராகவே கேட்டுவிட்டாள். கத்தவில்லை, கூட்டம் கூட்டவில்லை. பேட்டரிகள் வைத்திருக்கும் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள். அன்று மாலை என்னிடம் சொன்னாள்.

கீச்சு மறுக்கவில்லையாம். அதுதான் அக்காவுக்கு முதல் அடி. "இல்லடி, நான் செய்யல" என்று ஒரு வார்த்தை பொய் சொல்லியிருந்தால்கூட அக்கா நம்பியிருப்பாள், நம்பக் காத்துக்கொண்டிருந்தாள்.

"வீணாப் போற காலுதானே" என்றாளாம் கீச்சு. "உன் வீட்டுக்காரர் பேசிட்டிருக்கறப்ப வர்றது. அவரால எடுக்க முடியாதது. அதைத்தானே எடுத்தோம்? உங்க வாயிலேர்ந்தா பிடுங்கினோம்?"

"வெயிட்டிங்கை ஏன்டி எடுத்தே?"

கீச்சு முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம்.

"ஹாரன் அண்ணனை அனுப்பறப்ப உனக்குத் தெரியும்ல? நான்தானே உன்கிட்ட வந்து அழுதேன். அப்பவாவது எடுத்திருக்கலாமே."

பிறகு அழுதாளாம். ஆரம்பத்தில் கடை ஓடவில்லை, நாலு நாளைக்கு என்று போட்டேன், எடுக்கக் கை வரவில்லை என்று அந்தக் கீச்சுக் குரலில் அழுதாளாம். "நீ மேல சொன்னா என் வேலை போயிடும்டி" என்று அக்காவின் கையைப் பிடித்தாளாம்.

"நீ என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

"கையை எடுத்துக்கிட்டேன்."

அக்கா புகார் கொடுத்தாள். சும்மா விட்டுவிடுவாளோ என்று நான் பயந்தேன், அவள் விடவில்லை. கோபத்தில் கொடுத்தாள் என்று சொல்ல மாட்டேன். அத்தானிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்துக் கொடுத்தாள். தான் குறை இல்லை என்று சொன்ன லைனில் அவர் ஏமாந்திருக்கிறார், அதை முறைப்படி நிரூபித்து அவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அவர் அவளை நம்ப வேண்டும்.

விசாரணை பெரிய அதிகாரியின் அறையில் நடந்தது. லைனுக்குச் சொந்தக்காரர் என்று அத்தானைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த நம்பரை அடித்தவன் என்று நானும் போனேன். அழைப்பைத் திருப்பிவிட்டது கீச்சுதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, அவளே ஒப்புக்கொண்டாள். நான் உள்ளுக்குள் துள்ளினேன், மாட்டிக்கொண்டாய் என்று. அதற்குப் பிறகு அவள் தலையைக் குனிந்துகொண்டு பேசியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"அவங்கதான் சார் போடச் சொன்னாங்க. 'எங்க வீட்டுக்காரர் ஒத்த ஆளா போன் எடுக்கிறார், பிஸியா இருந்தா கால் வீணாப் போகுது, அது உங்களுக்காவது வரட்டும்'னாங்க. எங்க மேல அவ்வளவு பாசம் சார் அவங்களுக்கு. வீட்ல நானே சொல்லிக்கறேன்னாங்க. சொல்லலைன்னு எனக்கு இப்பத்தான் தெரியுது."

அக்கா அவளைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. தெரியாத ஒருவரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"பச்சைப் பொய் சார்!" என்று நான் எழுந்தேன். உட்காரச் சொன்னார்கள்.

அதிகாரி அக்காவிடம் கேட்டார். "உங்க வீட்டு லைன்ல அது வேணும், இது வேணும்னு நீங்க இவங்ககிட்ட வாயால சொன்னதுண்டா?"

"உண்டு சார். விதிப்படி நான் தொடக் கூடாது, அதனால இவகிட்டதான் சொல்வேன். ஆனா இதைச் சொல்லல."

"இவங்க கடைக்கு நல்ல நம்பர் பொறுக்கிக் குடுத்தது நீங்கதானா?"

"நான்தான் சார்."

கூட வேலை செய்தவர்களைக் கேட்டார்கள். இரண்டு பேரும் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி சார், இவள் கேட்காமலே அவள் செய்வாள், அவள் கேட்காமலே இவள் கொடுப்பாள் என்று சொன்னார்கள். எல்லாரும் உண்மையைத்தான் சொன்னார்கள். அக்கா இருபது வருடம் நல்லவளாக இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து அவளுக்கு எதிராகவே அடுக்கினார்கள். கீச்சுவின் பொய் அவ்வளவு அழகாகப் பொருந்தியது, ஏனென்றால் அப்படி ஒன்றைச் செய்யக் கூடியவள்தான் என் அக்கா. செய்யவில்லை, அவ்வளவுதான்.

எழுதி வாங்காமல் வாய்ப்பேச்சில் வேலை நடத்தியது இரண்டு பேர் குற்றமும் என்று முடித்தார்கள். இருவருக்கும் கண்டனம். இருவரையும் அந்த மேசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கீச்சுவை வேறு கட்டிடத்துக்கு அனுப்பினார்கள், அக்காவைப் புகார் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். கீச்சுவுக்கு வேலை போகவில்லை.

திரும்பும்போது அத்தான் கார் ஓட்டினார். அக்கா முன்னால், நான் பின்னால். ரயில்வே கேட் மூடியிருந்தது, நின்றோம்.

"நீ சொன்னியா?" என்றார் அத்தான், முன்னால் பார்த்துக்கொண்டே.

"என்னங்க கேக்கறீங்க? நான் சொல்லலைங்க."

"அத்தான், அவ புளுகறான்னு சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்" என்று நான் குறுக்கே புகுந்தேன்.

"நீ இரு மச்சான்." அவர் குரல் உயரவில்லை. "லைன்ல குறை இல்லன்னு எங்கிட்ட எத்தனை தடவை சொன்னே?"

"டெஸ்ட் பண்ணிட்டுதாங்க சொன்னேன். ஒவ்வொரு தடவையும் பண்ணினேன்."

"அந்தப் பக்கத்தைத் திறந்து பாத்தியா?"

"பாக்கக் கூடாதுங்க. விதி."

"பாக்காமயா நல்லா இருக்குன்னு சொன்னே?"

அக்கா மூடியிருந்த கேட்டையே பார்த்தாள்.

"பாக்காமயா இருந்திருப்பே, உன் புருஷன் வியாபாரமாச்சே? அப்படின்னா தெரிஞ்சுதானே இருந்திருக்கு உனக்கு" என்றார். "அந்த ஆளை வேற நான் திருடன்னு அனுப்பிட்டேன்."

ரயில் போனது, கேட் திறந்தது. பின்னாலிருந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. அத்தான் காரை எடுத்தார்.

அவர் அக்காவை அடிக்கவில்லை, திட்டவில்லை, வீட்டை விட்டுப் போகவில்லை. முன்பு போலவே மாலையில் வந்து சாப்பிட்டார், மகளின் படிப்பைப் பற்றிப் பேசினார். ஹாரன் அண்ணன் வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டார். அவர் டீ கொடுத்து உபசரித்துவிட்டு, திரும்ப வர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அக்காவைப் பற்றி அத்தான் என்னிடம் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. போனைப் பற்றி மட்டும் அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். யார் அழைத்தார்கள், எங்கே சவாரி போகிறது, எதுவும் கிடையாது. நான் எவ்வளவோ சண்டை போட்டுப் பார்த்தேன். கேட்டுக்கொண்டே இருப்பார், கடைசியில் "விடு மச்சான்" என்பார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் கீச்சுமேல் வந்ததற்குக் குறைந்ததில்லை. அவள் பொய் சொன்னாள், இவர் நம்பினார். இருபது வருடம் கூட வாழ்ந்தவர்.

அப்புறம் ஒரு காலையில் அக்கா வேலைக்குப் போகிற வழியில் என் கடை வாசலில் நின்றாள். எதிரே அத்தான் ஒரு காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். பின்பக்கக் கண்ணாடியில் பழைய நம்பரைச் சுரண்டிவிட்டு, வேறொரு நம்பரைப் புதிதாக எழுதியிருந்தார்கள். பெயின்ட் இன்னும் பளபளத்தது. கார் நேராகித் தெருமுனையில் திரும்பும்வரை அக்கா அதையே பார்த்தாள்.

"நம்பரோட ஆரம்பமே நம்ம எக்ஸ்சேஞ்ச் இல்லையே" என்றாள். "தனியார் கம்பெனி லைனா?"

"ஆமாக்கா. போன வாரம் வாங்கினார்."

"உனக்குச் சொன்னாரா?"

பொய் சொல்லத்தான் நினைத்தேன். வீட்டில் இதற்குமேல் ஒரு பொய்யும் வேண்டாம் என்று தோன்றியது.

"சொன்னார்க்கா. அன்னிக்கே நம்பர் குடுத்தார்."

அக்கா தலையை ஆட்டினாள். கைப்பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டாள்.

"எனக்கு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுடா. மக பள்ளிக்கூடத்துல அப்பா நம்பர் கேட்டா சொல்லணும்" என்றாள்.